மூங்கிலுக்கு ஈடு கொடுக்கும் மரம் எது?

கேள்வி:

குன்னூரை அடுத்த ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன். மரவேலை எனக்குப் பொழுதுபோக்கு. வில்வித்தை பழகும் என் மகளுக்காகப் போன வருஷம் ஒரு வில் செய்தேன். எஸ்டேட்டில் கழித்துப் போட்ட சில்வர் ஓக் பலகையை இழைத்து, முன்பக்கம் மூங்கில் பட்டையை ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். ஆரம்பத்தில் அம்பு நன்றாகவே பாய்ந்தது. ஐப்பசி மழை முடிந்த பிறகு பார்த்தால், நாணைக் கழற்றினாலும் வில் வளைந்தே கிடக்கிறது. பிடிக்குச் சற்று மேலே, நம்மைப் பார்க்கும் பக்கத்தில், மயிரிழை போலக் குறுக்குக் கோடுகள் தெரிகின்றன. மூங்கிலில் ஒரு கீறல்கூட இல்லை.

வெளிநாட்டுப் புத்தகங்கள் ஓசேஜ் ஆரஞ்சு, யூ, இப்பே என்று அடுக்குகின்றன. அவற்றுக்கு இங்கே எங்கே போவது? எங்கள் கைக்கெட்டுவது சில்வர் ஓக், கற்பூர மரம், சீகை மரம், வீடு இடித்ததில் வந்த தேக்குச் சட்டம், தேயிலைக் கட்டை. இவற்றில் எதை எடுக்கலாம்? மலை இறங்கினால் மரக்கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

— வாசகர், குன்னூர்

பதில்:

நீங்கள் சொன்ன குறுக்குக் கோடுகளே நோயைச் சொல்லிவிடுகின்றன. அது விரிசல் இல்லை, மடிப்பு. அந்த இடத்தில் மரத்தின் நார் நசுங்கி மடங்கியிருக்கிறது. பாலிஷ் போட்டு மறைக்கலாம், சரிசெய்ய முடியாது. அந்த வில்லை இனி மகள் கையில் கொடுக்காதீர்கள். மடிந்த இடம்தான் ஒருநாள் ஒடியும்.

வில்லில் இலக்கைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும், எய்பவரைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும் வைத்துக்கொள்வோம். நாணை இழுக்கும்போது முதுகு நீளப் பார்க்கிறது, வயிறு சுருங்கப் பார்க்கிறது. நார் ஓடும் திசையில் இழுப்பைத் தாங்குகிற அளவுக்கு அமுக்கத்தைத் தாங்கும் வலு மரங்களுக்குக் கிடையாது. பெரும்பாலான மரங்களில் அது ஏறக்குறையப் பாதிதான். ஆக, ஒட்டு எதுவும் இல்லாத தனி மர வில்லிலேயே முதலில் திணறுவது வயிறு. அதன் முதுகில் மூங்கிலை ஒட்டினால் திணறல் இன்னும் கூடும். மூங்கிலின் வெளித்தோலை ஒட்டிய சில மில்லிமீட்டரில் நார்கள் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. அந்தப் பட்டை நம்மூர் மரங்களைவிட விறைப்பானது, எளிதில் நீளாது. முதுகு நீள மறுத்தால், வளைவதற்கான வேலை முழுவதும் வயிற்றின் தலையில் விழுகிறது. மூங்கில் பிழைத்து மரம் செத்ததற்குக் காரணம் இதுதான். மூங்கில் ஒட்டினால் எந்த மரமும் வில்லாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வயிற்று மரம் சுமாராக இருந்தால், மூங்கில் ஒட்டாத வில்லே அதிக நாள் தாங்கும்.

ஜப்பானியர்கள் இந்த ஜோடியை ஆயிரம் ஆண்டுகளாகக் கையாள்கிறார்கள். ஹெயான் காலத்தில் அவர்கள் மர வில்லின் முதுகில் மட்டும் மூங்கில் ஒட்டினார்கள். ஃபுசெதாகே யுமி என்று அதற்குப் பெயர். பிற்காலத்தில் வயிற்றுப் பக்கமும் மூங்கில் வந்து, மரம் நடுவில் போய்விட்டது. இன்றைய யுமி வில் அப்படித்தான் இருக்கிறது. அமெரிக்க வில் தச்சர்கள் முதுகு மூங்கிலோடு நிறுத்திக்கொண்டு, வயிற்றுக்கு ஓசேஜ் ஆரஞ்சு, இப்பே போன்ற அடர்ந்த மரங்களைத் தேடிப் போனார்கள். உங்கள் புத்தகங்களில் அந்தப் பெயர்கள் வருவதற்குக் காரணம் அமுக்கம் தாங்கும் வலுதான். அந்த வலு நம்மூரில் எந்த மரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். இப்பேயைப் பெருநகரங்களில் வாங்க முடிந்தாலும், 2024 நவம்பரிலிருந்து அது, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஒரு பொழுதுபோக்கு வில்லுக்காக அமேசான் காட்டு மரத்தை இழுத்து வருவது எனக்கு உவப்பில்லை.

பெயரை நம்பி மரம் வாங்காதீர்கள். ஒரே பெயரில் மூன்று மரம் விற்கும் கடைகள் உண்டு. வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது எடை. நன்றாகக் காய்ந்த மரத்தில், எல்லாப் பக்கமும் ஒரே கனமாக ஒரு சாண் நீளக் குச்சி இழையுங்கள். ஒல்லியான, உயரமான பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதில் குச்சியை நட்டக்குத்தலாக மிதக்கவிட்டு, நீர்மட்டத்தில் உடனே பென்சிலால் குறியுங்கள். பத்தில் ஆறு பங்கு மூழ்கினால் அடர்த்தி 0.6, எட்டுப் பங்கு மூழ்கினால் 0.8. மூங்கிலுக்கு அடியில் போகும் மரம் 0.7-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் சில்வர் ஓக் 0.6-ஐ ஒட்டி நிற்கும்.

இரண்டாவது வளைப்பு. 2 சென்டிமீட்டர் அகலம், 1 சென்டிமீட்டர் கனத்தில், முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு சட்டம் இழையுங்கள். இரண்டு ஸ்டூல்களை 60 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டு அதன் மேல் சட்டத்தை வையுங்கள். நடுவில் தண்ணீர் நிரம்பிய 20 லிட்டர் கேனைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கேன் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயரவேண்டாம்; சட்டம் ஒடிந்தால் கால் தப்பிக்கும். வலுவான மரம் நான்கு சென்டிமீட்டர் போலத் தாழும். ஒரு மணி நேரம் கழித்துக் கேனை இறக்கிவிட்டு, சட்டம் எவ்வளவு நிமிர்கிறது என்று நேர்கோல் வைத்துப் பாருங்கள். இந்த அளவுச் சட்டத்தில் 20 கிலோ தரும் அழுத்தம், வில்லின் தோளில், அதாவது பிடியை அடுத்த அகன்ற பகுதியில், விழும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். நான்கு மரங்களில் நான்கு சட்டம் செய்து ஒப்பிட்டால், மரக்கடைக்காரர் வாய்மொழியைவிடத் தெளிவான பதில் கிடைக்கும். நிமிராமல் கூனிக் கிடப்பதை விறகு அடுப்புக்கு அனுப்புங்கள்.

இனி உங்கள் பட்டியல்.

சில்வர் ஓக்கை வில்லின் வயிற்றுக்கு மறந்துவிடுங்கள். தேயிலைக்கு நிழல் தரவென்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். மிளகுக்கொடி ஏற, பெட்டி செய்ய, பிளைவுட்டுக்கு நல்லது. நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஆரவாக்கில் அறுத்தால் தெரியும் அழகான செதில் கோலத்துக்கு ஆசைப்பட்டுத்தான் பலர் எடுக்கிறார்கள். அந்தக் கோலம் வில்லுக்கு எந்த உதவியும் செய்யாது. சில்வர் ஓக்தான் வேண்டும் என்றால் மூங்கிலைத் தவிர்த்துவிட்டு, வில்லை இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமாகவும் மெல்லியதாகவும் செய்து, 20 பவுண்டு இழுப்போடு நிறுத்துங்கள்.

கற்பூர மரத்துக்கு வலு உண்டு. பிரச்சினை அதன் குணத்தில் இருக்கிறது. 1843-இல் நீலகிரிக்கு வந்த அந்த மரத்தை விறகுக்கும் தைலத்துக்கும் வளர்க்கிறார்கள். பலகைக்கு அறுத்தவர்கள் எல்லாம் நொந்திருக்கிறார்கள். காயும்போது உள்ளுக்குள் சுருங்கிப் பள்ளம் விழும், முறுக்கிக்கொள்ளும், முகமெல்லாம் வெடிக்கும். நார் பெரும்பாலும் திருகியே ஓடுகிறது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த இளமரம் வேண்டவே வேண்டாம். பழைய பங்களாக்களை இடிக்கும்போது ஐம்பது அறுபது வருஷம் காய்ந்த கற்பூர மர உத்திரம் கிடைத்தால், நார் நேராக இருக்கும் பட்சத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மரம் தன் சேட்டையை எல்லாம் எப்போதோ முடித்திருக்கும்.

சீகை மரத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் கொண்டுவந்து, புல்வெளிகளையெல்லாம் விழுங்கிய மரம் அது. அகற்ற வேண்டிய மரம் என்பதால் அதை வெட்டுவதில் மனச்சங்கடமும் இல்லை. அடர்த்தி 0.7-ஐத் தாண்டும், நெருக்கமாக வளர்ந்த தோப்பில் கணுவில்லாத நேர்க்கட்டை கிடைக்கும். அனுமதியோடு வெட்டிய விறகு லோடிலிருந்து, மணிக்கட்டைவிட இருமடங்கு பருமனுள்ள ஆறடிக் கட்டையைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே இரண்டு முனைகளிலும் பெயின்ட் அல்லது மெழுகு பூசி, நீளவாக்கில் ஆப்பு வைத்துப் பிளந்துவிடுங்கள். ரம்பத்தால் அறுக்காதீர்கள். பிளந்த முகம் நேராக இருந்தால் நார் நேர். காற்றாடி மாதிரித் திரும்பினால் அந்தக் கட்டை குளிர்காயத்தான். வெளிறை இழைத்து எடுத்துவிட்டு வைரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்கைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு பக்தி இருக்கிறது. கதவுக்கும் கப்பலுக்கும் அது ராஜா. நீர் ஏறினாலும் இறங்கினாலும் அசையாது. வில்லுக்கு அது இரண்டாம் தரம்தான். அடர்த்தி 0.65 அளவில் நின்றுவிடுகிறது, சட்டென்று முறியும் குணமும் உண்டு, அதன் எண்ணெய்ப்பசை ஒட்டுக்கும் இடைஞ்சல். பழைய சட்டம் கையில் இருப்பதால் 25 பவுண்டில் ஒரு பயிற்சி வில் செய்து பாருங்கள். ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். தேயிலைக் கட்டை அடர்த்தியானது, ஆனால் முழ நீளம்கூட நேராக இருக்காது. நாண் மாட்டும் குதையின் மேல் ஒட்டும் சில்லுக்கும் பிடியின் அலங்காரத்துக்கும் அதைப்போல வராது.

சோலை மரங்களை நீங்கள் கேட்கவில்லை, கேட்காததற்கு நன்றி. மலையின் வில் மரபு பற்றி ஒன்றை மட்டும் இங்கே சொல்லலாம். தோடர்களிடம், மனைவி முதல் குழந்தையைச் சுமக்கும்போது கணவன் அவளுக்குச் சிறு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு உண்டு. அதைக் கொடுப்பவனே குழந்தைக்குத் தந்தை. 1906-இல் வெளிவந்த தன் நூலில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வில் குறிப்பிட்ட ஒரு செடியின் கிளை, அம்பு ஒரு புல்லின் தாள். எருமை மேய்த்து வாழும், வேட்டையாடாத மக்கள், ஒருபோதும் எய்யப்படாத வில்லுக்கும் எந்தச் செடி என்று விதி வைத்திருக்கிறார்கள்.

மலை இறங்கினால் வாய்ப்புகள் விரிகின்றன. நான் முதலில் கேட்கச் சொல்லும் பெயர் சடச்சி. தடசு, உன்னு என்றும் சொல்வார்கள், வடக்கே தாமன். முதுமலை போன்ற இலையுதிர் காடுகளில் தானாக வளரும் மரம். அமெரிக்கர்கள் கோடரிக் காம்புக்கு ஹிக்கரியை எடுப்பதுபோல, இந்தியாவில் கருவிக் காம்பு, வண்டிச் சட்டம், காவடித்தண்டு, வில் என்று வளைந்து நிமிர வேண்டிய எல்லாவற்றுக்கும் இதை எடுத்தார்கள். எடை மிதமானது, நார் நீளமானது, அதிர்ச்சியைத் தாங்கும். மூங்கில் மெல்லியதாக இருந்தால் அருமையான ஜோடி. கடையில் அடிக்கடி வராது. கருவிக் காம்பு கடைசல் செய்கிறவர்களிடம் விசாரித்தால் துப்புக் கிடைக்கும்.

அடுத்தது வெக்காலி. நமை என்றும் கேளுங்கள். வண்டி இருசுக்குப் பேர்போன மரம், அடர்த்தி 0.9-ஐத் தொடும். அமுக்கத்தைத் தாங்குவதில் நம் காட்டு மரங்களில் முன்வரிசை. காய்வதில் அடம்பிடிக்கும், வெடிக்கும்; பச்சையாக வாங்கினால் பாதி வீண். பழைய வண்டிச் சாமான் கடைகளில் காய்ந்த துண்டாகக் கிடைத்தால் விடாதீர்கள். அதே கடையில் பழைய ஏர்க்கால், உலக்கை எல்லாம் கிடக்கும். உலக்கை ஐந்தடிதான் வரும்; உயரம் குறைந்த பிள்ளைகளின் வில்லுக்குப் போதும். பல வருஷம் ஒரு வீட்டின் மூலையில் காய்ந்த மரத்தை எந்தச் சூளையும் கொடுத்துவிடாது.

புதிதாக, சட்டச் சிக்கல் இல்லாமல் வாங்க வேண்டும் என்றால் கருவேலம். கலப்பையும் வண்டிச் சக்கரமும் செய்த மரம், 0.8 அடர்த்தி; சமவெளி மரக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். கோணல் மாணலாக வளர்வதால் ஆறடிக்கு நேரான துண்டு பொறுக்கிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மூன்றடித் துண்டுகள் இரண்டைப் பிடியின் இடத்தில் பல்வெட்டு இணைப்பாக ஒட்டுவதும் முறையே. பிடி வளையாத இடம் என்பதால் இணைப்புக்கு ஆபத்தில்லை. சீமைக் கருவேலமும் இதே கணக்கில் வரும். காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் மரம் அது. நேர்த்துண்டு தேடுவதில்தான் பொறுமை போகும்.

முசுக்கொட்டையை விட்டுவிடக்கூடாது. பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கும் செடியாகவே நமக்குத் தெரிந்த அதை மரமாக வளரவிட்டால், ஓசேஜ் ஆரஞ்சின் நெருங்கிய சொந்தம். ஒரு காலத்தில் இந்திய ஹாக்கி மட்டைகள் பெரும்பாலும் முசுக்கொட்டைதான். பலாவும் அதே குடும்பம், அதே மஞ்சள் நிறம். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், வயிற்று மரத்துக்குப் பலா இலேசு. சவுக்கு எல்லாக் கட்டுமான இடத்திலும் கிடைக்கிறது, கனமும் உண்டு, நீளமும் உண்டு. வெடிப்பும் முறுக்கும் அதன் பிறவிக்குணம். நாலைந்து கம்பு வாங்கிப் பிளந்து ஒன்று தேறினால் இலாபம், விலை அப்படி. நிலைக்கதவுக்கு விற்கும் மலேசியன் சால் போன்ற இறக்குமதிச் சட்டங்கள் கனமாக இருந்தாலும், நார் அடுக்கடுக்காக எதிர்த்திசையில் பின்னிக் கிடக்கும். இழைப்புளி ஓட்டும்போது ஒருபக்கம் வழுக்கி மறுபக்கம் பிய்த்தால் அந்தச் சட்டம் வேண்டாம்.

மரத்தை நேரில் பார்த்துப் பெயர் பழக வேண்டுமானால் கோவையில் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. 1902-இல் தொடங்கியது; தென்னிந்திய மரங்களின் மாதிரிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான்.

மூங்கிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தவறு அங்கேயும் இருந்திருக்கலாம். பலர் கல்மூங்கில் உறுதி என்று அதையே எடுக்கிறார்கள். உறுதிதான், ஆனால் பருமன் குறைவு. ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பட்டை வேண்டும் என்று வையுங்கள். 50 மில்லிமீட்டர் பருமனுள்ள மூங்கிலில் அந்தப் பட்டையின் நடுமேடு ஓரத்தைவிடக் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். ஓரம் கத்திமுனையாக முடிந்தாலும் நடுவில் 6 மில்லிமீட்டர் மூங்கில் நிற்கும். அது எந்த மரத்தையும் நசுக்கிவிடும். 100 மில்லிமீட்டர் பருமன் என்றால் அந்த மேடு இரண்டரை மில்லிமீட்டர்தான். ஆகவே நாலங்குலத்துக்குக் குறையாத முள்மூங்கிலை, மூன்று வயதுக்கு மேற்பட்டதாக, நடுப்பகுதியிலிருந்து வெட்டியதாக வாங்குங்கள். பூத்துக் காய்ந்த புதரின் மூங்கில் உடையும். உள்பக்கத்தை இழைத்து, நடுவில் மூன்றரை மில்லிமீட்டர், நுனியில் இரண்டு என்று மெலிதாக்குங்கள். வெளித்தோலின் மெழுகை மட்டும் சுரண்டலாம், நாரைத் தொடக்கூடாது. கணுவை அழகுக்காகச் சமன்செய்து இழைப்பதுதான் மூங்கில் முதுகு ஒடிவதற்கு முதல் காரணம். முதுகுப் பக்கத்தை வயிற்றைவிடக் குறுகலாக, குறுக்குவெட்டில் சரிவகம் போல, இழைத்துவிட்டால் மூங்கிலின் கை தாழ்ந்து மரத்தின் கை ஓங்கும். சடச்சி, தேக்கு போன்ற மிதமான மரங்களுக்கு இது கட்டாயம்.

இப்போது நீலகிரிக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். மர இனத்தைவிட உங்கள் வில்லைக் கொன்றது ஈரம் என்பது என் கணிப்பு. ஐப்பசிக்குப் பிறகு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரை வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்தில் 9 சதவீதம் நீர் நிற்கும், 65-இல் 12, 80-இல் 16, மூடுபனியும் மழையுமாக 90-இல் கிடந்தால் 20-ஐ நெருங்கும். வில்லுக்கு வேண்டியது 8 முதல் 10 வரை. நீர் ஒரு சதவீதம் ஏறினால் அமுக்கம் தாங்கும் வலு சுமார் ஐந்து சதவீதம் இறங்குகிறது. கோடையில் செய்த வில் மழையில் அதே இழுப்புக்கு இழுக்கப்படும்போது, அதன் வயிறு ஏறக்குறைய வேறொரு மட்டமான மரம். எஸ்டேட் லைன் வீட்டுப் பரணில் மூன்று வருஷம் கிடந்த பலகை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குன்னூர்க் காற்று எவ்வளவு விட்டுவைக்குமோ அவ்வளவுதான் காய்ந்திருக்கும்.

ஆறரை அடி நீளத்துக்கு ஒரு பிளைவுட் பெட்டி அடியுங்கள். இரு முனையிலும் சிறு துளைகள், உள்ளே ஒரு முனையில் 60 வாட் குண்டு பல்பு, மரத்துக்கும் பல்புக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்து 50 சதவீதத்தில் நிறுத்தப் பாருங்கள். மரத்தை வாரத்துக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துவாருங்கள். எடை இறங்குவது நின்றால் மரம் தயார். மூங்கில் பட்டையும் அதே பெட்டியில் சேர்ந்தே காயட்டும். வெவ்வேறு ஈரத்தில் இருக்கும் இரண்டை ஒட்டினால் ஒன்று சுருங்கும்போது மற்றது முறுக்கும். வில் முடிந்த பிறகும் மழைக்காலத்தில் அதன் வீடு அந்தப் பெட்டிதான்.

பிரேசிலிலிருந்து மரம் வரவழைப்பதைவிட இந்தப் பெட்டி அதிகப் பலன் தரும். பெட்டியில் காய்ந்த சீகை, மழையில் ஊறிய வெக்காலியை வெல்லும் என்று பந்தயம் கட்டத் தயார்.

ஃபெவிகால் மேசை நாற்காலிக்குச் சரி. நாள்கணக்கில் இழுப்பில் நிற்கும் ஒட்டில் அது மெல்ல நழுவும், ஈரத்தில் இன்னும் மோசம். மெதுவாக இறுகும் எபாக்ஸி வாங்குங்கள். ஐந்து நிமிட வகை வேண்டாம். குளிர்காலத்தில் உங்கள் ஊர் இரவில் எபாக்ஸி இறுகாமல் பிசுபிசுக்கும் என்பதால், ஒட்டியதையும் பல்புப் பெட்டிக்குள் வையுங்கள். ஒட்டும்போது முனைகளை இலக்குப் பக்கம் ஓரங்குலம் முன்வளைத்து, பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி நெருக்கமாகச் சுற்றினால் கிளாம்ப் வாங்கும் செலவு மிச்சம். ஒட்டுவதற்கு முன்பே, வயிற்று மரத்தில் எய்பவரைப் பார்க்கும் முகத்தைக் கும்முட்டி அடுப்பின் கரிக்கனலுக்கு மேலே, நிறம் தேன்போல மாறும்வரை, மெல்ல நகர்த்தி வாட்டலாம். வாட்டிய மரம் விறைப்பும் கூடி ஈரத்தையும் குறைவாகவே வாங்கும். மூங்கில் ஒட்டிய பிறகு இதைச் செய்தால் ஒட்டு பிரிந்துவிடும்.

அளவு: மகளுக்கென்றால் ஐந்தரை அடி நீளம், தோளில் ஒன்றரை அங்குல அகலம், 25 பவுண்டில் தொடங்குங்கள். தேசியப் போட்டிகளில் மூங்கில், மர வில்லுக்கென்றே இந்தியன் ரவுண்ட் இருக்கிறது. 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்வார்கள். பிள்ளை அந்தப் பக்கம் போக விரும்பினால் பயிற்சியாளரிடம் விதிமுறையைக் கேட்டுவிட்டு அடுத்த வில்லின் அளவை முடிவு செய்யலாம். மரம் மென்மையானால் அகலத்தைக் கூட்டிக் கனத்தைக் குறையுங்கள்; ஒரு வளைவுக்கு வயிறு படும் பாடு கனத்தைப் பொறுத்தது, அகலத்தைப் பொறுத்ததில்லை.

கேள்வி:

ஐயா, எங்கள் தோட்டம் காட்டை ஒட்டியது. முள்மூங்கில் புதர் வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. தோட்டத்தில் காய்ந்து விழுந்த ஈட்டி மரமும் ஒன்று உண்டு. இவற்றில் வில் செய்யலாமா? காட்டுப்பன்றித் தொல்லைக்கும் உதவுமே.

— வாசகர், கூடலூர்

பதில்:

ஈட்டி மரம் வில்லுக்கு மிக நல்லது, 0.8-க்கு மேல் அடர்த்தி, அமுக்கத்துக்கு அசராது. ஆனாலும் தொடாதீர்கள். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஈட்டிக்குத் தனிக் கெடுபிடிகள் வேறு. உங்கள் பக்கம் 1969-ஆம் ஆண்டு ஜன்ம ஒழிப்புச் சட்டத்தில் நிலமே இழுபறியில் இருந்தால், விழுந்த மரம் யாருடையது என்பதே கேள்வி. வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு கை வையுங்கள். வேலிக்கு அந்தப் பக்கத்து மூங்கில் காட்டுடையது. கடையில் ஒரு முழு மூங்கில் வாங்கினால் நாலைந்து வில்லுக்குப் பட்டை வரும்.

பன்றி விஷயத்தில் வளைத்துப் பேச ஒன்றுமில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்று வரையறுப்பதில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி அதோடு நுழைவதே குற்றம், எய்ய வேண்டியதில்லை. முதுமலை வழியாகப் போகும் பஸ்ஸில் வில்லை எடுத்துப் போவதானாலும், முன்பே வனத்துறையிடம் அனுமதி கேட்டு, நாண் கழற்றி, உறையிலிட்டு, போட்டி அல்லது பயிற்சிக் கடிதத்தோடு போங்கள். பன்றிக்கு வனத்துறையிடம் மனுக் கொடுங்கள்.

உங்கள் பக்கத்தில் வில்லைக் கற்றுக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பந்தலூர்ப் பக்கத்து முள்ளுக்குறும்பர்கள் தலைமுறை தலைமுறையாக வில் பிடித்தவர்கள். எல்லை தாண்டினால் வயநாட்டில் குறிச்சியர்கள். 1802-இல் தலைக்கல் சந்துவின் தலைமையில் பனமரம் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர்கள் அவர்கள்தான். அந்தப் பெரியவர்களில் யாராவது இடம் கொடுத்தால், எந்த மரத்தை எந்த மாதத்தில் எடுப்பார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். இந்தப் பகுதியில் வெளியிட எனக்கு ஆசை.

எய்யும் இடத்தைப் பற்றி இருவருக்கும் பொதுவாக ஒன்று. தேயிலைச் சரிவை நோக்கி எய்யாதீர்கள். செடிகளுக்கு நடுவே குனிந்து கொழுந்து பறிக்கிறவர் தலை வெளியே தெரியாது, படுத்திருக்கும் காட்டுமாடும் தெரியாது. மண் வெட்டி எடுத்த மேட்டுக்கு முன்னால் இலக்கை வையுங்கள், இல்லாவிட்டால் வைக்கோல் அடைத்த சாக்குகளை இலக்குக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு அடுக்குங்கள். 25 பவுண்டு வில்லின் அம்பும் நூறு மீட்டரைத் தாண்டிப் போகும்.